அப்பாவுக்குப் புதன்கிழமைதான் மூச்சு வாங்கும்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் பக்கத்தில், "நம்மூர் பிஎச்.டி. எல்லாம் வெறும் பேப்பருங்க, எடைக்குத்தான் போகும்" என்று எழுதியிருந்தார். ஐம்பது அறுபது பேர் சிரித்து வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடைக்குப் போகும் அந்தப் பேப்பரில் கொஞ்சத்தை டைப் அடித்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தவன் நான்.

கோயம்புத்தூரில் காலேஜ்கள் நிறைந்த ஒரு ரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பிளஸ் டூ. ஆனால் சமூகப்பணி, வணிகவியல், செவிலியம், மனையியல், பொது சுகாதாரம் என்று எத்தனையோ துறைகளின் தீசிஸ் என் கை வழியாகப் போயிருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் என்ன வரும், கைஸ்கொயர் என்கிற புள்ளிவிவரக் கணக்கு டேபிள் எங்கே உட்காரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: "திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களின் பணி நிறைவு – ஓர் ஆய்வு." அடுத்த வருடம் திருப்பூரை எடுத்துவிட்டு ஈரோடு. அதற்கடுத்த வருடம் பின்னலாடையை எடுத்துவிட்டு விசைத்தறி.

384 என்ற எண்ணை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்றால் பாதிப் பேர் 384 என்பார்கள். 1970-ல் கிரெஜ்சி, மார்கன் என்ற இரண்டு பேர் போட்ட அட்டவணையில் இருந்து வருவது அது. பத்து லட்சம் பேர் இருக்கும் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள 384 பேரைக் கேட்டால் போதும் என்று அந்த அட்டவணை சொல்கிறது. கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த 384 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எடுக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. பனியன் கம்பெனி வாசலில் டீ குடிக்க வந்தவர்களை நிறுத்திக் கேட்டால் அது வெறும் 384 பேர்தான், வேறொன்றுமில்லை.

நிறுத்திக் கேட்டால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் வெற்றுப் படிவக் கட்டோடு வந்து கடை மூலையில் உட்கார்ந்தான். "அண்ணா, நாலு கலர்ல பேனா குடுங்க" என்றான். கொடுத்தேன். கறுப்பில் கொஞ்சம், நீலத்தில் கொஞ்சம், இடது கையில் கொஞ்சம் என்று ராத்திரி பத்து மணிக்குள் ஒரு ஊரே படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டது. பேனாவுக்கும் காசு வாங்கினேன், படிவ ஜெராக்ஸுக்கும் வாங்கினேன். ஆகவே நானும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனையே முழுதாகத் திட்டவும் மனசு வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2016 விதிப்படி தீசிஸ் கொடுக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்பிருந்தே ஆசிரியர்களுக்குக் கட்டுரைக்கு இத்தனை மார்க் என்று வைத்திருந்தார்கள். மார்க் வைத்தால் கடை வைப்பான், இது எந்த ஊரிலும் நடப்பதுதான். காசு கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றும் 'சர்வதேச' இதழ்கள் காளான் போல முளைத்தன. அதில் சிலதின் சர்வதேசத் தலைமையகம் எங்கள் ரோட்டிலேயே ஒரு மாடி ரூமில்தான் இருந்தது. 2018 மே மாதம் யூ.ஜி.சி.யே தான் அங்கீகரித்த இதழ்ப் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. 2022-ல் பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டார்கள், எம்.பில். படிப்பும் அதோடு போயிற்று. எனக்கு வியாபாரம் விழுந்தது.

இதையெல்லாம் ஊரே பேசுகிறது. நான் சொல்ல வந்தது வேறு.

ஒழுங்காக வேலை செய்தவர்களும் இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் குடோனாக ஏறி இறங்கிய பெண்ணைத் தெரியும். தறிச் சத்தத்தில் கேள்வியைக் கத்திக் கத்திக் கேட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்து நிற்பாள். "சம்பளம் திருப்தியா இருக்குங்களா" என்று கேட்டால் "பரவால்லீங்" என்பார்கள். வேலை நேரம்? "பரவால்லீங்." முதலாளி? "அவரும் பரவால்லீங்." படிவத்தில் இருப்பதோ முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை என்று ஐந்து கட்டம். பரவால்லீங்கை எந்தக் கட்டத்தில் போடுவது? வீட்டு வாசலுக்கு வந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றுதான் அனுப்புவார்கள். அவள் எல்லாவற்றையும் 'உடன்படுகிறேன்' கட்டத்தில் போட்டாள். தறித் தொழிலாளர்கள் பணி நிறைவோடு இருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. அதை டைப் அடித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அப்பா கதைக்கு வருகிறேன். அவர் பஞ்சு மில்லில் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் பிரிவில், முப்பது வருடம் இருந்தவர். பொது சுகாதாரம் படித்த ஒரு பெண் மில் தொழிலாளர் நுரையீரல் பற்றி ஆய்வு செய்ய வந்தாள். கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள், நான்தான் டைப் அடித்தேன். "எங்கப்பாவும் மில்லுதாங்க" என்றேன். சரி, அவரிடமே முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்தாள்.

"திங்கட்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு இறுக்கமா இருக்குங்களாப்பா?"

"இல்லீங் அம்மிணி. திங்கக்கெழம நல்லாத்தான் இருக்கும்."

அவள் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அம்மா அடுப்படியில் இருந்து, "பொதங்கெழமதான அந்த இழுப்பு இழுப்பீங்க, அதச் சொல்லுங்க" என்றார். அப்பா சாவகாசமாக, "ஆமா, அன்னைக்கு மூச்சு வாங்கும். லீவு முடிஞ்சு போற நாளல்லோ" என்றார்.

அவருக்கு வார விடுமுறை செவ்வாய்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அப்புறம் அவளே விளக்கினாள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோய்க்கு இங்கிலாந்தில் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயராம். ஒரு நாள் தூசி இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி தூசிக்குள் போகும் முதல் நாள்தான் நெஞ்சு பிடிக்கும், வாரம் போகப் போகக் குறையும். முற்றினால் எல்லா நாளும் இருக்கும். 1950-களில் ஷில்லிங் என்ற மருத்துவர் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆராய்ந்தபோது, திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் நோயைத் தரம் பிரித்தார். அங்கே ஞாயிறு மில் மூடியிருக்கும், அதனால் திங்கள். எங்கள் ஊர் மில்லில் வாரம் முழுக்க மிஷின் ஓடும், ஆளுக்கொரு நாள் லீவு. லங்காஷயர் திங்கட்கிழமை அப்படியே கோயம்புத்தூர்ப் படிவத்துக்குள் வந்துவிட்டது. டைப் அடித்த எனக்கும் உறைக்கவில்லை. அத்தனைக்கும் செவ்வாய்க்கிழமை தோறும் அப்பா வீட்டில் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

கேள்வியை மாற்றினாள். "வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்" என்று திருத்தி மறுபடி டைப் அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அம்மா அடுப்படியில் இல்லாமல் இருந்திருந்தால் அப்பா நோயில்லாதவர் கணக்கில் போயிருப்பார்.

இப்போது விவசாய ஆராய்ச்சியைப் பாருங்கள். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் தித்திப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து கோ 205 ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பஞ்சாப் வரை போனது அது. அதைப் பயிரிட்ட எந்த விவசாயியும் அவர்கள் கட்டுரையைப் படித்திருக்க மாட்டான். படிக்க வேண்டிய தேவையும் இல்லை, நடுகிற கரணையாகவே அவன் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே கோயம்புத்தூரில்தான். கோபிப் பக்கம் என் மாமாவின் மல்பெரித் தோட்டம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப் போயிற்று, பட்டுப்புழுவுக்குப் போட இலையில்லை. என்ன மருந்தடித்தும் கேட்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்டார்கள். மாமா ஒரு சின்ன டப்பாவை லுங்கி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகள். "இதா காப்பாத்தப் போகுது?" என்று அத்தை சிரித்தார். சில மாதத்தில் இலை பச்சையாகிவிட்டது. அசிரோஃபேகஸ் என்று அந்தக் குளவிக்குப் பேர், மாமாவுக்கு அது வாயில் நுழையாது. நுழைய வேண்டியதும் இல்லை.

கரும்பு ஆராய்ச்சி கரணையாகத் திரும்பி வருகிறது, பூச்சி ஆராய்ச்சி டப்பாவில் திரும்பி வருகிறது. மனுசனைப் பற்றிய ஆராய்ச்சி எதுவாகத் திரும்பி வரும்? சொல்லாகத்தான் வர முடியும். அந்தச் சொல்லும் இங்கிலீஷில் எழுதப்பட்டு லைப்ரரி அலமாரிக்கோ, தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்துக்கோ போய்விட்டால் தறிக்குடோன்காரருக்கு என்ன வந்து சேர்ந்தது? ஒரு டம்ளர் மோர் செலவானதுதான் மிச்சம்.

திரும்பி வந்ததும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் சாயக்கழிவால் கெட்டுப்போனது ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கு நாக்கிலேயே தெரியும். ஆனால் "உப்புக் கரிக்குதுங்க" என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது, இத்தனை மில்லிகிராம் என்று சொன்னால்தான் எடுபடும். தண்ணீரையும் மண்ணையும் அளந்தவர்களின் எண்கள் விவசாயிகள் கைக்கு வந்தன. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதில் வேலை போனவர்களும் எங்கள் சனம்தான், அது தனிக் கதை.

இன்னொன்று. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற பெண் மானிடவியல் ஆராய்ச்சிக்காகக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். கூகிள் படிவம் இல்லை, 384-ம் இல்லை. ஊரிலேயே இருந்து, யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள், யார் எங்கே நிற்பார்கள் என்று பார்த்து எழுதினார். பொன்னர்-சங்கர் என்கிற அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். எத்தனையோ வருடம் கழித்து அதே கதையை அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். எங்களைப் பற்றி அவர் எழுதியது எல்லாம் சரியா என்று சண்டை போடலாம், போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சண்டை போடும் அளவுக்காவது அது எங்களிடம் வந்து சேர்ந்ததே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தீசிஸ் கொடுக்கும்போது கூடவே தமிழில் நாலு பக்கம். யாரைக் கேட்டோம், என்ன சொன்னார்கள், என்ன தெரிந்தது. அதைக் கேட்கப்பட்டவர் வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும். என் கடை ரேட்டில் பக்கம் ஒரு ரூபாய். 384 பேருக்கு நாலு பக்கம் என்றால் 1,536 ரூபாய். வைவா அன்றைக்கு வாங்கும் முந்திரி கேக்கும் சால்வையும் அதைவிட அதிகம் ஆகும். அந்த வைவாவுக்குப் பொது வாய்மொழித் தேர்வு என்றுதான் பெயர், பொதுமக்கள் யாராவது வந்து நான் பார்த்ததில்லை. வந்தால்தானே, "ஏனுங், நான் பரவால்லீங்னு சொன்னதுக்கு அது அர்த்தமில்லீங்" என்று ஒருத்தராவது எழுந்து சொல்ல முடியும்?

"ஆய்வாளர் எழுதுவது ஆய்வாளருக்கு, ஊருக்கு இல்லை" என்று ஒரு பேராசிரியர் என் கடையில் நின்றே சொன்னார். நல்ல மனுசர், அவரிடம் வாதம் செய்யவில்லை. ஆனால் கேள்வியில் இருந்த திங்கட்கிழமையைப் பிடித்தது எந்த ஆய்வாளரும் இல்லை, அடுப்படியில் இருந்த எங்கம்மா.

அந்தப் பொது சுகாதாரப் பெண் திரும்பி வந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மறந்தே போயிருந்தோம். தமிழில் இரண்டு தாள். பிசினோசிஸ் என்றால் என்ன, சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது, டாக்டரிடம் போனால் எத்தனை வருடம் எந்தப் பிரிவில் வேலை செய்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும், இப்படி. அப்பாவுக்கு அந்த நோய்தானா என்று தன்னால் சொல்ல முடியாது, நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். அதுவரை போன இடத்தில் எல்லாம் ஆஸ்துமா என்று ஒரே வார்த்தையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எந்த டாக்டரும் மில்லைப் பற்றிக் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் விரலை வைத்துப் படித்தார். முடிக்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, இது உங்கடையில அடிச்சதா?"

"இல்லீங்ப்பா, ஏனுங்?"

"அதான பார்த்தேன். கார்டிங்கு எழுத்து தப்பில்லாம இருக்குது."