சனி ஞாயிறாவது தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கட்டும்

லீஸ் ஃபெர்ரிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஃப்ளையை, அதாவது பூச்சி போலச் செய்த தூண்டில் முள்ளைக் கட்டுவது என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மேலே உள்ள கிளென் கேன்யன் அணையில் இன்று வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது. அரிசோனாவில் கொலராடோ ஆற்றில் அணையிலிருந்து லீஸ் ஃபெர்ரி வரையான பதினைந்து மைலும் மின்சாரத் தேவையைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் திறப்பை வினாடிக்கு 4,000 கன அடி வரை கூட்டலாம், 2,500 வரை குறைக்கலாம் என்பது 2016இல் வந்த விதி. அணையில் கூட்டிய தண்ணீர் லீஸ் ஃபெர்ரி படகுத்துறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். சரளைத் திட்டில் இறங்கி நிற்பவர்கள் கரையோரக் கல் ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது நனைந்தால் உடனே கரையேறிவிட வேண்டும். தண்ணீர் குளிர்ந்தது, கால் தவறினால் ஆபத்து.

9 அடி நீளம், 5ஆம் எண் கோல் போதும். நுனி நூல் 5எக்ஸ் தடிமன். மேலே 16ஆம் எண் ஸ்கட் (சிறு இறால் போன்ற ஃப்ளை), அதற்கு ஒன்றரை அடி கீழே 20ஆம் எண் ஜீப்ரா மிட்ஜ் (மிட்ஜ் என்ற பொடி ஈயைப் போன்ற ஃப்ளை). தக்கையிலிருந்து ஃப்ளை வரை, ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நூல் விடுங்கள். தக்கை நுரையின் வேகத்திலேயே போக வேண்டும். நடுவில் கிடக்கும் நூல் ஓட்டத்தில் வளைந்து தக்கையை இழுத்தால் ட்ரவுட் தொடாது. நூலைத் தூக்கி ஓட்டம் வரும் பக்கம் போட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறும்போது பாசி பிய்ந்து வந்து முள்ளில் சுற்றும். நாலு வீச்சுக்கு ஒருமுறை கழற்றாவிட்டால் வீசுவதே வீண். அந்த நேரத்தில் மீன் கரையோரமாக ஒதுங்கும், அங்கேயே போடுங்கள்.

இங்கே ஏன் மிட்ஜை விட்டால் வேறு பூச்சியே இல்லாத மாதிரி இருக்கிறது? ஆற்றுப் பூச்சிகளில் பல, பொழுது சாயும் நேரத்தில், தண்ணீர் விளிம்பில் நனைந்த கல்லில் முட்டையை ஒட்டிவைக்கும். அப்போது ஆறு உயர்ந்திருந்து பிறகு இறங்கினால் முட்டை வெயிலில் காய்ந்து போகும். தாழ்ந்திருந்து பிறகு ஏறினால் பிழைக்கும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்ற பெரிய ஆற்றுப் பூச்சிகள் இரண்டும் இங்கே ஏறக்குறைய இல்லை. மீனுக்குக் கிடைப்பதெல்லாம் பொடிப் பொடியான தீனி.

இதற்காகத்தான் 2018இல் மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் தாழ்ந்த மட்டத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாள் இட்ட முட்டை திங்கட்கிழமை தண்ணீர் ஏறினாலும் மூழ்கித்தான் இருக்கும், காயாது. காடிஸ் என்ற ஆற்றுப் பூச்சி கூடியது. 2019, 2020இலும் செய்தார்கள், 2021இல் செய்யவில்லை, 2022இல் மறுபடி செய்தார்கள். இப்படி விட்டு விட்டுச் செய்வதுதான் தவறு. பூச்சிக்கு ஆயுசு குறைவு, ஒரு தலைமுறை காய்ந்தால் அடுத்தது எங்கிருந்து வரும்?

மின்சாரம் நஷ்டம் என்கிறார்கள். சனி, ஞாயிறு தேவை குறைவான நாள்கள் என்பதால்தான் அந்த இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சத் தண்ணீரை வார நாள்களில் மின்சாரம் எடுக்கும் சுழலி வழியாகவே விடலாம். அணைக்குப் பின்னாலுள்ள ஏரி வற்றிச் சூடான மேல்தண்ணீர் சுழலிக்குள் இறங்கும் ஆண்டில் கதை வேறு. 2022இல் அணைக்குக் கீழே ஸ்மால்மவுத் பாஸ் என்ற, மற்ற மீன்களைத் தின்னும் வெளிமீன் குஞ்சு பொரித்ததே அதனால்தான். அப்போது ஆற்றைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. மற்ற எல்லாக் கோடையிலும் இந்த இரண்டு நாளைக் கேட்காமலே கொடுக்க வேண்டும்.