முதல் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகம் இலவசம்தான்

வீட்டிலேயே கற்பிப்பவர்களுக்கு என்சிஇஆர்டி (பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் மத்திய அரசு அமைப்பு) புத்தகம் கிடைக்காது, ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தனியார் தொகுப்பு வாங்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. 1 முதல் 12 வரை எல்லா வகுப்புப் புத்தகமும் என்சிஇஆர்டி தளத்தில் பிடிஎஃப்-ஆக இலவசமாகவே இருக்கிறது, பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. நீங்களே பாருங்கள்: பப்ளிகேஷன் பகுதிக்குள் பாடநூல் பிடிஎஃப் பக்கம் போய், முதல் வகுப்பு, கணிதம், ஜாய்ஃபுல் மேதமேட்டிக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் போதும், லாகின்கூடக் கேட்காது. முதல் பாடமே பூனையைத் தேடுவதுதான். உள்ளே, வெளியே, மேலே, கீழே எல்லாம் அதிலேயே குழந்தைக்கு வந்துவிடும், அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் தயவுசெய்து இதை ஒருமுறை திறந்து பாருங்கள்.