பயிர்க்கழிவு 'சும்மா கிடைக்கும்' சரக்கா?

"வைக்கோலும் உமியும் சும்மா கிடைக்கின்றன. ஒரு இயந்திரம் போட்டால் போதும், எரிகட்டி செய்து விற்கலாம். மூலப்பொருள் செலவே இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எரிகட்டி என்பது பயிர்க்கழிவை இறுக்கி அழுத்தி, விறகுபோல் எரிக்கச் செய்யும் கட்டி. பாதி உண்மை என்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

கழிவை வைத்துத் தொழில் நடத்தலாம், சரி. செலவே இல்லை என்பதுதான் தவறு. கட்டாத வைக்கோல் ஒரு கனமீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது. லாரி நிறைய ஏற்றினாலும் சுமப்பது பெரும்பாலும் காற்றைத்தான். எரிகட்டியாக அழுத்திவிட்டால் அதே இடத்தில் 600 கிலோவுக்கு மேல் அடங்கும். ஆனால் அழுத்தும் இடம்வரை கொண்டுவந்தாக வேண்டுமே!

அப்புறம் ஈரம். எரிகட்டிக்குப் பசை தேவையில்லை. சூட்டிலும் அழுத்தத்திலும் தாவரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, துகள்களை ஒட்டவைக்கும். அதற்கு ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்தில் இருப்பது நல்லது. ஈரம் கூடினால் உள்ளே நீராவி உண்டாகி, கட்டி விரிசலோடு வெளியே வரும். கையில் எடுத்தாலே உதிரும். உலர்த்துவதும் செலவுதான்.

அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும், ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். மழையும் தீயும் அண்டாத கிடங்கு இல்லாமல் நடக்காது.

உமிக்கு இன்னொரு தொல்லை. எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கடினப் பொருள். உமியில் உள்ள அந்தச் சிலிக்கா, இயந்திரத்தில் உமியை அழுத்தும் திருகுத் தண்டை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். தேய்ந்த தண்டை அடிக்கடி மாற்றும் செலவை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.