எந்த 150 வாட்டுன்னு சொல்லுங்கய்யா மொதல்ல

ரத்தம் கொதிக்குதுங்க. வருசக்கணக்கா சேத்து வச்ச காசுல நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியாச்சு, அதுக்குத் தோதா ஒரு ஆம்ப், அதான் ஆம்ப்ளிஃபயர், வேணும், நான் கேக்குறது ஒரே ஒரு கேள்விதான். என் ஸ்பீக்கர் 4 ஓம் (கரண்ட்டுக்கு அது குடுக்குற தடை), அந்த 4 ஓம்ல எடது வலதுன்னு ரெண்டு சேனலும் ஒண்ணா ஓடும்போது ஆம்ப் எத்தன வாட் தரும்? இங்க மலேசியாவுல இதுக்கு ஈப்போ கடையிலயும் பதில் இல்ல, எங்க ஊரு சுங்கை சிப்புட்லேர்ந்து டோல் கட்டி கேஎல் (கோலாலம்பூர்) வரைக்கும் காடி ஓட்டிக்கிட்டுப் போனா அங்கயும் இல்ல. கடைக்காரன் "அண்ணே இது 150 வாட்டுலா, தாராளம்"ங்கிறான். எந்த 150? பெட்டிய கையில வாங்கித் திருப்பிப் பாத்தா அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு, 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ் (ஒரே ஒரு சுரம்), 10 சதவீத டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையுறது), ஒரு சேனல் மட்டும். 10 சதவீதம்! அந்த நெலமையில நாதஸ்வரம் நாதஸ்வரமாவா இருக்கும், பிசிறடிச்சிடும்ங்க. அமெரிக்காவுல 1974-லயே வாட்ட எப்படி அளந்து விளம்பரம் பண்ணணும்னு விதி போட்டுட்டாங்க, இங்க இன்னும் பெட்டி மேல பெருசா இருக்குற நம்பர காட்டித்தான் யாவாரம்.

ஸ்பீக்கர் பின்னாடி 4 ஓம்னு ஒட்டியிருந்தா எப்பவும் 4-லயே நிக்கும்னு அர்த்தம் இல்லங்க. பேஸ் அடிக்கிற எடத்துல சில ஸ்பீக்கர் 3-க்கும் கீழ எறங்கிடும், எறங்க எறங்க ஆம்ப் கரண்ட்ட அள்ளிக் குடுக்கணும். 8 ஓம்ல 100 வாட் தர்ற ஆம்ப் 4 ஓம்ல 200 கிட்ட வந்தா அதுக்கு பவர் சப்ளை பலமா இருக்குன்னு நம்பலாம், 120-லயே நின்னுபோனா அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இதக் கேட்டா "பின்னாடி 4 ஓம் சுவிட்ச் இருக்குண்ணே, பிரச்சனையே இல்ல"ன்னு தட்டி விடுறாங்க. அந்த மாதிரி சுவிட்ச் பல ரிசீவர்ல (ரேடியோவும் ஆம்பும் ஒண்ணா இருக்குற பெட்டி) என்ன செய்யுது, சூடேறாம இருக்க உள்ள வோல்டேஜ கொறைக்குது, அவ்ளோதான், பலம் கூடாது.

என் ஸ்பீக்கர் சென்சிடிவிட்டி, அதாவது குடுக்குற பவருக்கு எவ்ளோ சத்தம் தரும்ங்கிறது, 85 டெசிபல், அதுவே கம்மி. சத்தம் 3 டெசிபல் ஏறணும்னா வாட் ரெண்டு மடங்கு, 10 ஏறணும்னா பத்து மடங்கு. உறுமி மேளம் சும்மா போயிட்டிருக்கும்போது 10 வாட் இழுக்குதுன்னா, அந்த ஒரு அடி 10 டெசிபல் எகிறி விழுறப்போ 100 வாட் கேக்கும். அதக் குடுக்க முடியாம ஆம்ப் கிளிப்பிங் ஆகி (அலையோட உச்சி வெட்டுப்பட்டு), அப்படியே சத்தமா ஓட விட்டா ட்வீட்டர், கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர், கருகும். இவனுங்க என்னடான்னா பெரிய ஆம்ப் வச்சாத்தான் ஸ்பீக்கர் போயிடும்னு பயமுறுத்துறானுங்க, அடுத்தவன் காசுல எத்தன ட்வீட்டர் கருகியிருக்கும் இந்தப் பேச்சால!

எல்லாத்தையும் விட எனக்கு வயிறு எரிஞ்சது இதுக்குத்தான். ஒரு கடையில எந்த ஊருன்னு கேட்டான், சுங்கை சிப்புட்னு சொன்னேன், ஒடனே கேட்டலாக்க மூடி வச்சிட்டு "அப்ப கராவோக்கே ஆம்ப் பாருங்கண்ணே, அந்தப் பக்கம் அதுதான் ஓடுது"ன்றான். எங்க அப்பா தோட்டத்துல கித்தா (ரப்பர்) மரம் சீவுனவரு, மத்தியானம் ரேடியோவ காதோரம் வச்சு ஒரு ஆலாபனைக்குக் கண்ண மூடி ஒக்காந்திருப்பாரு. தோட்டத்து ஆளுக்கு சத்தம் இருந்தா போதும்னு இவனுக்கு யாரு சொன்னது?

சரி, என் ஸ்பீக்கர காடியில ஏத்திக்கிட்டு வரேன், உங்க ஆம்ப்ல மாட்டிக் கேக்க விடுங்கன்னா "எடமில்ல". வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கேட்டுப் பாக்கவான்னா முழுக்காசும் கட்டணும், திருப்பி எடுக்க மாட்டாங்களாம். 6,000 வெள்ளிங்க (ரிங்கிட்)! செருப்பு வாங்குனாக்கூட கால்ல போட்டுப் பாத்துட்டுத்தான வாங்குறோம்?

ஈப்போ, கோலகங்சார் பக்கம் யாராச்சும் 4 ஓம் ஸ்பீக்கர நெஜமாவே தாங்குற ஆம்ப் வச்சிருந்தா சொல்லுங்க, என் ஸ்பீக்கரத் தூக்கிக்கிட்டு நானே வரேன். ஒரு மணி நேரம் கேக்க விட்டா போதும்.