துவைக்கிறதா, மெல்லுகிறதா?

எங்கள் வீட்டு ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குத் துவைக்கத் தெரியாது, தின்னத்தான் தெரியும். போன மாதம் துண்டு, அதற்கு முன் தலையணை உறை, நேற்று அப்பத்தாவின் காரைக்குடி கண்டாங்கி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை ஐயா அது! முந்தானையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் கறுப்புக் கறை. கதவு ரப்பர் மடிப்புக்குள் கையை விட்டால் ஒரு ஊக்கு, இரண்டு ரூபாய்க் காசு, ஊறிப்போன பஸ் டிக்கெட். உண்டியலா இது?

பாதியில் நிறுத்தினால் கதவு உடனே திறக்குமா? திறக்காது. கண்ணாடி வழியாகச் சேலை சுருண்டு சாவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 1200 சுற்றாம். பருத்திச் சேலைக்கு எதற்கு அந்த வேகம்? பிழியும்போது ஆத்தங்குடி டைல்ஸ் மேல் நடந்து வளவு (வீட்டின் உள்முற்றம்) வரைக்கும் வந்துவிடுகிறது.

பார்க்க வந்த மெக்கானிக், "ஆச்சி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. துணிதான் பழசு" என்றார். அடப்பாவி! முப்பது வருஷம் துவைகல்லில் அடி வாங்கியும் கிழியாத சேலை அது.

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை கிணற்றடியிலிருந்து தொப்பு தொப்பென்று சத்தம் மட்டும் கேட்டது.