பொய்ச் செய்தி பரவலும் தானியங்கிக் கணக்குகளும்

“உண்மையைவிடப் பொய் ஆறு மடங்கு வேகமாகப் பரவுகிறது என்று 2018 ஆய்வு நிறுவிவிட்டது, அதற்குக் காரணம் மென்பொருள் இயக்கும் தானியங்கிக் கணக்குகளே, மனிதர்கள் அல்லர்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முற்பாதி ஓரளவு சரி. பிற்பாதியோ அந்த ஆய்வு கண்ட முடிவுக்கு நேர்மாறானது.

சோருஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட அக்கட்டுரை, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பகிர்ந்தவற்றை ஆராய்ந்தது. தானியங்கிக் கணக்குகளை மென்பொருளால் அடையாளம் கண்டு நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும், அவற்றை மீண்டும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. அவை உண்மையையும் பொய்யையும் ஒரே அளவில்தான் விரைவுபடுத்தின, ஆகவே பொய் கூடுதலாகப் பரவியதற்கு அதை அதிகம் பகிர்ந்த மனிதர்களே காரணம் என்று ஆசிரியர்கள் முடிவுசெய்தார்கள். கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வாக்கியமே இதைத்தான் சொல்கிறது; அதுவரை படித்திருந்தாலே இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

‘ஆறு மடங்கு’ என்பதற்கும் வரம்பு உண்டு. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது என்பதே அதன் பொருள். அதுவும், உண்மை சரிபார்ப்பு அமைப்புகள் ஏற்கெனவே ஆராய்ந்து தீர்ப்பளித்த செய்திகளை மட்டுமே வைத்துக் கண்டது. சர்ச்சைக்கே உள்ளாகாத அன்றாடச் செய்திகள் அக்கணக்கில் இல்லை என்பதால், அந்த எண்ணை எல்லாச் செய்திகளுக்கும் எல்லாத் தளங்களுக்கும் பொருத்துவது முறையாகாது.