டாக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் அவர் ஏன் பேசுவதில்லை?

"டாக்டருக்கு என்னங்க, தப்பு பண்ணினாலும் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்." சிகிச்சையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டது என்றால் ஒருவராவது இப்படிச் சொல்லிவிடுவார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று தோன்றுகிறது.

முதலில், சிகிச்சை சரியாக அமையவில்லை என்பதும் மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதும் ஒன்றல்ல. கீழ் ஞானப்பல்லை எடுத்துக்கொள்வோம். அதன் வேருக்குப் பக்கத்திலேயே தாடை நரம்பு ஓடுகிறது. எவ்வளவு கைதேர்ந்தவர் பிடுங்கினாலும் சிலருக்கு உதடும் முகவாயும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், அபூர்வமாக அப்படியே தங்கிவிடும். மரத்துப்போனதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்தாரா, நரம்பு வேரை ஒட்டியிருப்பது அதில் தெரிந்ததா, தெரிந்திருந்தால் நோயாளியிடம் சொன்னாரா என்பதுதான் கேள்வி. சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினால் இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. வேர் சிகிச்சையில் ஃபைல், அதாவது வேரின் உள்ளே சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி போன்ற கருவி, உள்ளே முறிவது இரண்டுக்கும் நடுவில் வரும். நல்ல மருத்துவருக்கும் அது முறியும். முறிந்ததைச் சொல்லாமல் மேலே அடைத்து அனுப்புவதற்குத்தான் மன்னிப்பே கிடையாது.

எது கவனக்குறைவு என்று தீர்மானிக்க 1957-இல் இங்கிலாந்தின் போலம் வழக்கு ஓர் அளவுகோல் தந்தது. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் அந்த முறையைச் சரி என்று ஏற்றால் அது கவனக்குறைவு ஆகாது. மருத்துவர் செய்ததை மருத்துவர்களே சரி என்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு இது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆபத்தை எடுத்துச் சொல்லும் விஷயத்திலாவது 2015-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் இதைத் திருப்பிப்போட்டது. மற்ற மருத்துவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை விட்டு, அந்த நிலையில் இருக்கும் நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்று பார்க்கத் தொடங்கியது.

சரி, இன்ஷூரன்ஸுக்கு வருவோம். இது மருத்துவர் தனக்காக வாங்கும் பாலிசி. வக்கீல் செலவும், தீர்ப்பானால் நஷ்டஈடும் அதிலிருந்து வரும். குடிபோதையில் சிகிச்சை, தகுதிக்கு மீறிய சிகிச்சை, கிரிமினல் அபராதம் போன்றவற்றுக்குப் பொதுவாக ஒன்றும் வராது. "பல் வரிசை இப்படித்தான் அமையும், கேரண்டி" என்று வாக்குக் கொடுத்ததற்கும் பல பாலிசிகள் பொறுப்பேற்காது.

பலருக்கும் தெரியாத நுணுக்கம் காலம் பற்றியது. சில பாலிசிகள் சிகிச்சை நடந்த நாளைப் பார்க்கும். வேறு சில, புகார் வந்த நாளைப் பார்க்கும். இந்த இரண்டாம் வகையில்தான் சிக்கல். ஒரு பல் மருத்துவர் இன்று சிகிச்சை தந்துவிட்டு, அடுத்த வருடம் ஓய்வு பெற்று பாலிசியையும் நிறுத்திவிடுகிறார். அதற்கடுத்த வருடம் புகார் வந்தால், ஓய்வுக்குப் பிந்தைய காலத்துக்கென்று தனியாகப் பணம் கட்டி நீட்டித்திருந்தால் ஒழிய, அவருக்குக் காப்பு இல்லை. மருத்துவரின் சொந்தப் பிரச்சினை போலத் தெரியும். ஆனால் அவரிடம் சொத்து இல்லாவிட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராமல் நிற்பது நோயாளிதான்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு ஷரத்து. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் மருத்துவர் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பல பாலிசிகளில் இருக்கும். நஷ்டஈட்டுப் பொறுப்பை ஏற்காதே என்பதுதான் அதன் அர்த்தம், என்ன நடந்தது என்றே சொல்லாதே என்பதல்ல. ஆனால் பயந்துபோன மருத்துவரின் காதில் அது "வாயைத் திறக்காதே" என்றுதான் விழுகிறது. அதுவரை தினமும் படுக்கையருகே வந்து பேசியவர் திடீரென்று காணாமல் போவார். எல்லாவற்றையும் நிர்வாகத்திடம் கேளுங்கள் என்பார்கள். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லாமல் வக்கீலைத் தேடிப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. பணம் அவர்களுக்கு இரண்டாவது.

ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டு மருத்துவர்களை மிரட்டுகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1984-இல் இருந்த நோயாளிகளின் 30,000-க்கும் மேற்பட்ட பதிவேடுகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அலசினார்கள். 1991-இல் வெளியான முடிவுப்படி, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே நஷ்டஈடு கேட்டிருந்தார்கள். அதே சமயம், கவனக்குறைவே இல்லாத பல விஷயங்களிலும் வழக்குகள் இருந்தன. அதாவது போக வேண்டியவர் போகவில்லை, போனவர்களில் பலருக்கு அங்கே வேலையே இல்லை. நடந்ததை யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படி விளக்கிப் பார்த்த இடமும் இருக்கிறது. 2001-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஒரு முறையைத் தொடங்கின. தவறு நடந்தால் தாங்களே விசாரித்து, நோயாளியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நஷ்டஈடும் தருவது. தவறில்லை என்றால் உறுதியாக வழக்கை எதிர்கொள்வது. எல்லோரும் படையெடுத்து வந்து வழக்குப் போடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். 2010-இல் வெளியான ஆய்வில் வழக்குகள் குறைந்திருந்தன, செலவும் குறைந்திருந்தது. மிச்சிகன் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதாலேயே அது பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று இங்கிலாந்து 2006-இல் சட்டத்திலேயே எழுதியது.

அதனால் பாலிசி வாங்கும் மருத்துவ நண்பர்களே, பிரீமியத்தோடு இதையும் கேளுங்கள்: ஏதாவது ஆகிவிட்டால் நோயாளியிடம் நான் என்ன பேசலாம்? அதற்கு எழுத்தில் பதில் தராத நிறுவனத்தின் பாலிசி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நோயாளிகள் பக்கம்: சந்தேகம் வந்த உடனே எக்ஸ்ரே, கையெழுத்திட்ட சம்மதப் படிவம், சிகிச்சைக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. வேறொரு மருத்துவரிடம் அவற்றைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். வழக்குத் தொடர எங்கும் கால வரம்பு உண்டு. "போகட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.